தாமதமாக உறைந்த தயிர்

அன்று காலை ஆமையை எழுப்பியது அம்மாவின் குரல். ஆனால் அந்தக் குரல் அவளைக் கூப்பிடவில்லை.

"டேய்! இங்க வா! வந்து பாரு நீ பண்ணின காரியத்தை!"

ஆமை எழுந்து உட்கார்ந்தாள். ஒரு காலில் செருப்பை மாட்டினாள். இன்னொரு செருப்பைத் தேடினாள். அது கிடைக்கவில்லை. ஒற்றைச் செருப்போடு அவள் வீட்டின் பின்பக்கம் போய்ச் சேர்வதற்குள் பாதிச் சண்டை முடிந்துவிட்டது.

அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே இப்படித்தான். எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவள் பாதித் தட்டில் இருப்பாள். எதையும் நின்று பார்க்காமல் அவளால் கடந்து போக முடியாது. 'ஆமை' என்று பெயர் வைத்தவன் அவளுடைய அண்ணன்.

அண்ணனுக்கும் ஒரு பெயர் உண்டு. 'கப்சா.' அது தெருவே சேர்ந்து வைத்தது. தலைமை ஆசிரியருக்கு விக்கல் நிற்காததால் பள்ளிக்கூடம் லீவு என்று ஒருமுறை வீட்டுக்கு வந்தவன் அவன். சைக்கிள் மணி எங்கே என்று கேட்டால், காக்கா தூக்கிக்கொண்டு போன கதையைக் கால் மணி நேரம் சொல்வான்.

வீட்டின் பின்பக்கத்தில் இருந்த நீளமான அறைதான் அம்மாவின் தயிர்க்கூடம். அதில் இரண்டு பெரிய எவர்சில்வர் அண்டாக்கள் இருந்தன. சுவரோரம் உயரமான அலமாரியில் தட்டுத் தட்டாகத் தயிர்க் கப்புகள். மாலையில் பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, முந்தைய நாள் தயிரில் கொஞ்சம் எடுத்து உறை ஊற்றுவார்கள். கப்புகளில் நிரப்பி வைத்தால் விடிவதற்குள் தயிர் தயார். கடைகளும் ஒரு பள்ளிக்கூட உணவறையும் அந்தக் கப்புகளுக்காகக் காத்திருக்கும்.

இன்று அம்மாவின் கையில் இருந்த கப்பில் ஏதோ தளும்பியது. பால் என்றால் புளித்திருந்தது. தயிர் என்றால் ஓடியது. ரெண்டுங்கெட்டான்.

"பாலை ஆறவிட்டியா இல்லையா?"

"விட்டேன்மா."

"கொதிக்கிற பால்ல உறையை ஊத்தினா அது செத்துப் போகும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"விரல் வெச்சுப் பார்த்தேன். வெதுவெதுப்பாதான் இருந்தது."

"பொய் சொல்லாதடா."

"சத்தியமாம்மா."

"நீ சத்தியம் பண்ணாத நாள்னு ஒண்ணு இருக்கா?"

 

பால் ஆறவைக்கும் வேலையை அம்மா அவனிடம் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்காக அவன் எத்தனை நாள் கெஞ்சினான் என்று ஆமைக்குத் தெரியும். கிடைத்த அன்று அண்டாவுக்குப் பக்கத்தில் ராஜா மாதிரி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"இனிமே நீ இந்தக் கூடத்துக்குள்ள கால் வைக்க வேண்டாம். பேக்கரிக்காரர் தம்பி வேலை கேட்டுட்டே இருக்கான். நாளைக்கு அவனை வரச் சொல்றேன்" என்றார் அம்மா.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டான்.

அதுதான் ஆமைக்கு உறுத்தியது. பொய் சொல்லும்போது அண்ணன் நிறையப் பேசுவான். அதில் காக்கா வரும், விக்கல் வரும், மழைகூட வரும். இன்று அவன் சொன்னது நாலே வாக்கியம்.

'அப்படின்னா உண்மையைத்தான் சொல்றான்' என்று அவள் நினைத்தாள். ஆனால் இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? 'அவன் கொஞ்சமாப் பேசினான், அதனால நம்பும்மா' என்றால் அம்மா சிரிக்கக்கூட மாட்டார்.

அன்றும் மறுநாளும் பள்ளி விடுமுறை. அம்மா கடைகளுக்கெல்லாம் போன் செய்தார். ஒரு கடைக்காரர் சத்தமாகப் பேசியது ஆமைக்கும் கேட்டது. "என்னம்மா, கப்புல ஊத்தித் தரலைன்னா பரவாயில்ல, கண்ணுலயாவது காட்டுங்க!"

"இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்குங்க" என்றார் அம்மா.

அண்டாக்களைத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தாக வேண்டும். கப்புகளையெல்லாம் காலி செய்ய வேண்டும். அந்த வேலை ஆமைக்கு வந்தது.

அவள் ஒவ்வொரு கப்பாக எடுத்தாள். மூடியைத் திறந்து, உள்ளே பார்த்து, பெரிய டிரம்மில் கொட்டி, அலசி, கவிழ்த்தாள். வேறு யாராவது செய்திருந்தால் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்திருப்பார்கள். ஆமை சாப்பிட்டுவிட்டு வந்தபோது அடித்தட்டு அப்படியே மீதி இருந்தது.

அதில் முதல் கப் தண்ணீராக இருந்தது. கொட்டினாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கப்பைச் சாய்த்தபோது ஒன்றும் கொட்டவில்லை.

இன்னும் சாய்த்தாள். கவிழ்த்தே பார்த்தாள்.

தயிர்! வெள்ளை வெளேரென்று, கெட்டியாக, கப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

அந்தத் தட்டில் இன்னும் சில கப்புகள் அப்படி இருந்தன. மற்றவை தண்ணீர். எல்லாம் ஒரே அண்டாப் பால், ஒரே உறை, பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை.

ஆமை தன் வாழ்நாளில் முதன்முறையாக ஓடினாள்.

"அம்மா! அண்ணன் சூட்டுல கொன்னிருந்தா எல்லாமே செத்திருக்கணும்ல? இது எப்படி உறைஞ்சுது?"

அம்மா கையிலிருந்த தேய்ப்பானை வைத்துவிட்டுக் கப்பை வாங்கிப் பார்த்தார். "கொஞ்சம் தப்பிப் பொழச்சிருக்கும். அதான் இவ்வளவு நேரம் கழிச்சு உறைஞ்சிருக்கு. இதையெல்லாம் வெச்சு உங்க அண்ணனுக்கு வக்காலத்து வாங்காத."

அதுவும் சரியாகத்தான் பட்டது. ஆமை கப்போடு மாடிப்படிக்குப் போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன, கொட்டி முடிச்சிட்டியா?" என்றான் அவன், எங்கோ பார்த்தபடி.

"நீ கொல்லலை. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சு என்ன பண்ண? நீயா தயிருக்கு முதலாளி?"

அப்போது மேலிருந்து சித்தி இறங்கி வந்தார். அம்மாவின் தங்கை. தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மதிய ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். படியை அடைத்துக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"வழி விடுங்க. இல்ல, தாண்டிக் குதிச்சிடுவேன்."

"சித்தி, சூடே படாம உறை சாகுமா?" என்று கேட்டாள் ஆமை.

சித்தி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கப்பை வாங்கி மோந்து பார்த்தார். நடந்ததைக் கேட்டுக்கொண்டார்.

"உறைன்னா என்ன? கோடிக்கணக்கான பாக்டீரியா. அதுதான் பாலைப் புளிக்க வெச்சு உறைய வைக்குது. நமக்கு ஜலதோஷம் வர்ற மாதிரி அதுக்கும் வைரஸ் வரும்."

"பாக்டீரியாவுக்கு ஜலதோஷமா?" அண்ணன் திரும்பினான். "சித்தி, கப்சா விடுறது என் வேலை."

"மூக்கே இல்லாததுக்கு ஏதுடா ஜலதோஷம்? இது உயிரையே எடுக்கிற வைரஸ். அதுக்கு ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. பாக்டீரியாவோட தோல்மேல குட்டிக் குட்டியா முடிச்சுகள் இருக்கும். வால் நுனி அந்த முடிச்சைச் சரியாப் பிடிச்சாதான் ஒட்ட முடியும். ஒட்டினதும் ஒரு நூலை உள்ள செலுத்திடும்."

"நூலா?"

"நூல் மாதிரி. அதுல ஒரே உத்தரவுதான். 'உன் வேலையை விடு, என்னை மாதிரி நூறு பேரைச் செய்.' பாக்டீரியா செஞ்சுகிட்டே இருக்கும். கடைசியில வெடிச்சிடும். நூறு வைரஸ் வெளிய வந்து அடுத்ததைத் தேடும்."

ஆமை கப்பைப் பார்த்தாள். "அப்போ இது எப்படித் தப்பிச்சுது?"

"பாக்டீரியா மட்டும் என்ன, கையைக் கட்டிகிட்டு இருக்குமா? கோடியில ஒண்ணுக்கு அந்த முடிச்சு கொஞ்சம் கோணலா அமைஞ்சிருக்கும். வைரஸ் வந்து தடவும், பிடி கிடைக்காது, போயிடும். சிலதுக்குள்ள கத்திரிக்கோல் மாதிரி ஒண்ணு இருக்கு. நூல் உள்ள வந்ததும் துண்டு துண்டா வெட்டிடும். சிலது வெட்டின துண்டுல ஒண்ணைப் பத்திரமா வெச்சுக்கும், அடுத்த தடவை அதே ஆள் வந்தா அடையாளம் கண்டுபிடிக்க."

"போலீஸ் ஸ்டேஷன்ல போட்டோ ஒட்டுவாங்களே, அப்படியா?" என்றான் அண்ணன். அவனுக்குக் கோபம் மறந்துவிட்டது.

"அப்படித்தான். இன்னொரு வகை இருக்கு. உள்ள வைரஸ் வந்துட்டதுன்னா, அது குட்டி போடறதுக்கு முன்னாடியே இந்த பாக்டீரியா தானே செத்துப் போயிடும். பக்கத்துல இருக்கிறதெல்லாம் தப்பிச்சுக்கும்."



"அதுக்குத் தெரியுமா சித்தி, மத்ததைக் காப்பாத்தறோம்னு?" என்று கேட்டாள் ஆமை.

"தெரியாது. அதுக்கு மூளையே கிடையாது. ஆனா செய்யுது." சித்தி பையைத் தோளில் மாட்டினார். "உங்க தயிருக்கு வந்தது வைரஸ்தானான்னு பார்க்காம சொல்ல முடியாது. எங்ககிட்ட இருக்கிற மைக்ராஸ்கோப்புல அது தெரியவும் தெரியாது, அவ்வளவு சின்னது. பேசாம எல்லாத்தையும் கொட்டிட்டுக் கடையில உறைப்பொடி வாங்கச் சொல்லு உங்க அம்மாவை."

"வெடிச்சு வெளிய வந்த வைரஸ் எங்க இருக்கும்?"

"தயிர்ல பிரிஞ்சு நிக்குமே தண்ணி, அதுலதான் மிதக்கும்" என்று சொல்லிக்கொண்டே சித்தி போய்விட்டார்.

ஆமை யோசித்தாள். மெதுவாக, தட்டில் இருப்பதைச் சாப்பிடுவது போல, ஒவ்வொன்றாக.

தயிர்த் தண்ணீர். தயிர்க்கூடத்து மூலையில் அதற்கென்று ஒரு வாளியே இருந்தது. கெட்டித் தயிருக்காகத் துணியில் கட்டித் தொங்கவிடும்போது சொட்டும் தண்ணீரெல்லாம் அதில்தான் விழும். உறை ஊற்றும் கரண்டியை அம்மா அந்த வாளியில்தான் அலசுவார். 'கரண்டியில பச்சைத் தண்ணி பட்டா தயிர் நீர்த்துப் போகும்' என்பது அம்மாவின் சட்டம். தொழில் தொடங்கிய புதிதில் ஒருநாள் ஈரக் கரண்டியால் தயிர் கெட்டுப்போனதாம். அன்று போட்ட சட்டம் இன்றும் மாறவில்லை. வாளியில் பழைய தண்ணீரின் மேலேயே புதுத் தண்ணீர் சேரும். யாரும் முழுசாகக் கொட்டி அவள் பார்த்ததில்லை.

தினமும் உறைக்குள் போவது அந்தக் கரண்டி. கரண்டியில் இருப்பது அந்தத் தண்ணீர். எப்போதோ அதில் விழுந்த வைரஸ் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகியிருக்கும்.

"அண்ணா, மைக்ராஸ்கோப் வேண்டாம்" என்று எழுந்தாள் ஆமை. "மூணு டம்ளர் போதும்."

அம்மாவிடம் போய்ப் பால் கேட்டாள்.

"எதுக்கு?"

"உறை ஊத்திப் பார்க்க. நீயே காய்ச்சி, நீயே ஆறவிட்டுக் கொடும்மா."

"ஏன், உனக்குக் கை இல்லையா?"

"சூடு சரியில்லைன்னு அப்புறம் யாரும் யாரையும் சொல்ல முடியாதுல்ல?"

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் காய்ச்சிக் கொடுத்தார். ஆறிவிட்டதா என்று தன் விரலாலேயே பார்த்துக் கொடுத்தார்.

பிரிட்ஜில் எப்போதும் ஒரு கிண்ணம் பழைய உறை இருக்கும். ஆபத்துக்கு உதவ அம்மா எடுத்து வைத்தது, போன வாரத்தியது. அதில் ஒரு ஸ்பூன் முதல் டம்ளரில் போட்டாள். இரண்டாவது டம்ளரிலும் அதே உறை, ஆனால் கூடவே வாளித் தண்ணீர் ஒரு ஸ்பூன். மூன்றாவதில் வாளித் தண்ணீரோடு, தாமதமாக உறைந்த கப்பிலிருந்து ஒரு ஸ்பூன். ஒவ்வொன்றுக்கும் வெந்நீரில் கழுவித் துடைத்த வேறு வேறு ஸ்பூன்.

அம்மா கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது டம்ளரில் வாளித் தண்ணீரை ஊற்றும்போது அவர் புருவம் லேசாக உயர்ந்தது.

அண்ணன் வாசற்படிக்கு வெளியே நின்று கத்தினான். "நான் கிட்டயே வரலை! எல்லாரும் பார்த்துக்குங்க!"

டம்ளர்களைத் துணியால் சுற்றி வைத்தார்கள். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. காத்திருப்பது ஆமைக்குச் சுலபம். அண்ணனுக்குத்தான் உயிர் போனது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "ஆச்சா?" என்றான்.

விளக்குப் போடும் நேரத்தில் அம்மாவே வந்து துணியைப் பிரித்தார்.

முதல் டம்ளரைச் சாய்த்தார். தயிர், அசையாமல் நின்றது.

இரண்டாவதைச் சாய்த்தார். தளும்பியது. காலையில் பார்த்த அதே ரெண்டுங்கெட்டான்.

ஒரே பால். ஒரே உறை. அம்மா விரல் வைத்துப் பார்த்த அதே சூடு. ஒரு ஸ்பூன் வாளித் தண்ணீர் மட்டும்தான் வித்தியாசம்.

அம்மா இரண்டு டம்ளரையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாளியைப் பார்த்தார். பிறகு அண்ணனின் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மூணாவது?" என்றான் அண்ணன் வாசலில் இருந்து.

ஆமை சாய்த்துப் பார்த்தாள். அதுவும் ஓடியது.

"போச்சு. அதுவும் காலி."

"இரு" என்றாள் ஆமை. "அது என்னை மாதிரியா இருக்கலாம்." அதை மறுபடியும் துணியில் சுற்றி வைத்தாள்.

அம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை. "டேய், உள்ள வா" என்றார்.

"கால் வைக்கக் கூடாதுன்னு சொன்னியே."

"வாடா."

அண்ணன் வந்து நின்றான்.

"பாலை நீ சரியாத்தான் ஆறவிட்டிருக்கே. கரண்டியை அந்த வாளியில அலசினது நான். என் கையாலேயே தினமும் கொண்டுபோய் ஊத்தியிருக்கேன். உன்னைச் சொன்னது தப்பு."

காலையிலிருந்து மாடிப்படியில் உட்கார்ந்து அண்ணன் எத்தனையோ பதில் தயார் செய்திருப்பான். அத்தனையையும் விட்டுவிட்டுக் கழுத்தைச் சொறிந்துகொண்டான்.

"பரவாயில்லம்மா. நானே என்னை நம்பியிருக்க மாட்டேன்" என்றான்.

அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் ஏதோ வந்தது. முந்தானையால் இரண்டையும் ஒன்றாகத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஆமை எழுந்து வருவதற்குள் மூன்றாவது டம்ளர் உறைந்திருந்தது. சித்தி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வைரஸுக்கு நடுவுல போட்டும் உறைஞ்சிருக்கு. சண்டை போட்டு ஜெயிச்ச ஆளுங்க இவங்க. அக்கா, இதைத்தான் இனிமே உறையா வெச்சுக்கணும். நான் நேத்து கொட்டச் சொன்னது தப்பு."

"இது உறைய ரொம்ப நேரம் ஆகுதே" என்றார் அம்மா. "கடைக்காரங்க கத்துவாங்க."

"கொஞ்சம் முன்னாடியே உறை ஊத்து. பழைய உறையையும் விட்டுடாத. அந்த வைரஸும் சும்மா இருக்காது. கோணல் முடிச்சைப் பிடிக்கிற மாதிரி அதோட வால் நுனியும் ஒருநாள் மாறும். ரெண்டு உறையையும் மாத்தி மாத்திப் போட்டா அதுக்குக் குழப்பமா இருக்கும்."

"அப்போ சண்டை முடியவே முடியாதா?" என்று கேட்டாள் ஆமை.

"இது நாம பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடி ஆரம்பிச்சது. நம்ம வீட்டு அண்டாவுல முடியுமா என்ன?"

அன்று வாளி காலியானது. அண்ணன் அதைச் சாக்கடை வரை தூக்கிப்போய்க் கொட்டி, கொதிக்கும் நீர் ஊற்றித் தேய்த்தான். கரண்டிகளும் கொதிநீரில் வெந்தன. சுவர், தரை, அலமாரி எதையும் விடவில்லை. பேக்கரிக்காரர் தம்பி வேலைக்கு வந்து நின்றபோது, அம்மா அவனிடம் ஒரு துடைப்பத்தைக் கொடுத்து, "வந்ததுக்கு இதைப் பிடி" என்றார்.

மதியமே பால் வந்தது. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து ஆறவைத்தான். ஆமை, கழுவித் துடைத்த கரண்டியால் புது உறையை எடுத்துக் கொடுத்தாள். அம்மா ஊற்றினார்.

அடுத்த நாள் விடிந்தபோது தயிர் இன்னும் உறையாமல் தளும்பியது. கடைக்காரர்கள் போன் செய்தார்கள். "வரும், வரும்" என்றார் அம்மா, கையைப் பிசைந்துகொண்டே. யாரும் எந்தக் கப்பையும் தொடக் கூடாது என்று ஆமை அலமாரி முன்னால் நின்றுகொண்டாள்.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் அம்மா ஒரு கப்பை எடுத்து மூடியைத் திறந்தார். சாய்த்தார். இன்னும் சாய்த்தார். பிறகு ஒரு ஸ்பூனை அதில் குத்தினார். ஸ்பூன் நிமிர்ந்து நின்றது.

அம்மா கப்பை அண்ணனிடம் நீட்டினார். "முதல்ல நீ சாப்பிட்டுச் சொல்லு. நீ சொன்னாதான் கடைக்கு அனுப்புவேன்."

அண்ணன் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தான். எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். அவன் கண்ணை மூடினான். மூக்கைச் சுருக்கினான். தலையை மெல்ல ஆட்டினான்.

"சகிக்கலை" என்றான்.

அம்மாவின் முகம் வாடியது. ஆமை மட்டும் அவன் கையைப் பார்த்தாள். அது இரண்டாவது ஸ்பூனுக்குப் போய்விட்டிருந்தது.

"பொய்யி!" என்று கூவினாள்.

"சத்தியமா சகிக்கலை" என்றான் அண்ணன், மூன்றாவது ஸ்பூனை விழுங்கிவிட்டு. "இப்படி ஒரு மோசமான தயிரை அந்தக் காக்காகூடத் தொடாது. அதோட விக்கல் வேற வரும். கடைக்காரங்க பாவம், நானே எல்லாத்தையும் தின்னு தொலைக்கறேன்."

அம்மா சிரித்துக்கொண்டே தட்டுகளை வண்டியில் ஏற்றத் தொடங்கினார். அண்ணன் சகிக்கலை, சகிக்கலை என்று சொல்லிச் சொல்லியே அந்தக் கப்பை வழித்துக் காலி செய்தான்.